லண்டனில் மினிகாப் ஓட்டுபவர் வரிக் கணக்கில் செலவு காட்டுவது எப்படி

ஜனவரி பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும்: "அண்ணை, இந்த வருசம் எவ்வளவு செலவு போடலாம்?" நான் கணக்காளன் இல்லை, பதினொரு வருசமாக லண்டனில் மினிகாப், அதாவது முன்பதிவில் ஓடும் வாடகைக் கார், ஓட்டுகிறவன், என் கணக்கை நானே எழுதிப் பழகியதால் நாலு பேர் கேட்கிறார்கள், அவ்வளவுதான். கேட்கிறவருக்கு நான் முதலில் சொல்வது, கேள்வியே பிழை என்பது. செலவு என்பது ஜனவரியில் உட்கார்ந்து "போடுகிற" தொகை இல்லை. ஏப்ரலிலிருந்து காருக்குள் நடந்தது எதுவோ அதுதான் செலவு, அதை எழுதி வைத்திருந்தால் காட்டலாம், எழுதாமல் விட்டால் உங்கள் காசு போனதுதான். புதிதாக பிசிஓ, அதாவது மினிகாப் ஓடுவதற்கான லைசன்ஸ், எடுத்து ஓட வந்திருப்பவர்களுக்காக, முதல் நாளிலிருந்து வரிப் படிவம் அனுப்புகிற நாள் வரை என்ன செய்ய வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். தொகைகள் எல்லாம் 2025 ஏப்ரல் 6 முதல் 2026 ஏப்ரல் 5 வரையான வரி ஆண்டுக்கு உரியவை.

அதற்கு முன் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். 100 பவுண் செலவு காட்டினால் 100 பவுண் திரும்பி வரும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. உங்கள் மொத்த ஓட்டக் காசில் இருந்து செலவைக் கழித்தால் வருவது இலாபம், அந்த இலாபத்துக்குத்தான் வரி. முதல் 12,570 பவுணுக்கு வருமான வரி இல்லை, அதற்கு மேல் 50,270 வரை 20 வீதம். அதே எல்லைகளுக்குள் தேசிய காப்புறுதி நாலாம் வகுப்பு என்று இன்னொரு 6 வீதம். இரண்டையும் கூட்டினால் 26. ஆகவே நீங்கள் காட்டுகிற ஒவ்வொரு 100 பவுண் செலவுக்கும் மிச்சமாவது 26 பவுண். "வரியில் கழிக்கலாம்தானே" என்று சொல்லி 1,200 பவுணுக்குப் புதுப் போன் வாங்கும் தம்பிமாருக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் முகம் கொஞ்சம் மாறும். அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும்: உண்மையாகச் செலவழித்த 1,000 பவுணை எழுத மறந்தால் 260 பவுணைச் சும்மா கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

முதல் வேலை பதிவு

ஓடத் தொடங்கியதும் வரி அலுவலகத்தில், அதாவது எச்எம்ஆர்சியில், சுயதொழில் செய்பவர் என்று பதிய வேண்டும். கடைசி நாள், நீங்கள் தொடங்கிய வரி ஆண்டு முடிந்த பிறகு வரும் அக்டோபர் 5. அவ்வளவு காலம் இருக்கிறதே என்று விடாதீர்கள். பதிந்த பிறகு 10 இலக்க வரி எண் ஒன்று தபாலில் வரும், அந்தக் கடிதத்தைத் தொலைத்துவிட்டு ஜனவரி 30ஆம் தேதி இரவு தேடுகிறவர்கள் ஒவ்வொரு வருசமும் இருக்கிறார்கள்.

ஊபர் வழக்கில் 2021 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சாரதிகளைத் தொழிலாளர்கள் என்று தீர்ப்பளித்ததுதானே, பிறகு ஏன் நான் வரி கட்ட வேண்டும், கொம்பனி கட்டாதா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தத் தீர்ப்பு குறைந்தபட்சச் சம்பளம், விடுமுறைக் காசு போன்ற உரிமைகளைப் பற்றியது. வரிச் சட்டத்துக்கு நீங்கள் இன்னும் சுயதொழில்காரர்தான். யாரும் உங்கள் காசில் வரி பிடித்துக் கட்டுவதில்லை.

அப்புறம் ஒரு தனி வங்கிக் கணக்கு. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, நான் கட்டாயப்படுத்துவேன். ஓட்டக் காசு அதில் வரட்டும், பெற்றோலும் சார்ஜும் காப்புறுதியும் அதிலிருந்து போகட்டும். வருச முடிவில் அந்த ஒரு ஸ்டேட்மென்ட்டே பாதிக் கணக்கை எழுதிக் கொடுத்துவிடும். வீட்டுச் சாமானும் பிள்ளையின் நீச்சல் வகுப்பும் டயரும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால் பிரித்தெடுக்க மூன்று இரவு போகும்.

வருமானத்தை முழுதாக எழுதுங்கள்

செலவைப் பற்றிய கட்டுரையில் வருமானம் ஏன் என்றால், மிகப் பெரிய செலவுப் பிழை இங்கேதான் நடக்கிறது. என் முதல் வருசத்தில் நானே செய்தேன். வங்கிக்கு வந்த காசைக் கூட்டி வருமானம் என்று எழுதினேன், பிறகு ஆப் கொம்பனியின் ஆண்டுத் தாளில் கமிஷன் என்று ஒரு பெரிய தொகையைப் பார்த்து, அட இதையும் கழிக்கலாமே என்று செலவிலும் எழுதினேன். கமிஷனைக் கழித்துக்கொண்டுதான் வங்கிக்கு அனுப்பினார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஒரே காசை இரண்டு தரம் கழித்தாயிற்று. பிழையைத் திருத்தி மறுபடி அனுப்பி, மிச்ச வரியை வட்டியோடு கட்டினேன்.

சரியான வழி இதுதான். பயணி கொடுத்த முழுக் கட்டணத்தையும் வருமானமாக எழுதுங்கள். கொம்பனி எடுத்த கமிஷனையும் சேவைக் கட்டணத்தையும் செலவாக எழுதுங்கள். டிப்ஸ், போனஸ், கையில் வாங்கிய காசு, விடுமுறைக் காசு எல்லாம் வருமானத்தில் சேரும். ஊபர், போல்ட் போன்ற ஆப் கொம்பனிகள் 2024ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு சாரதியும் உழைத்ததை எச்எம்ஆர்சிக்கு வருசா வருசம் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது, ஆகவே உங்கள் கணக்கை நீங்கள் எழுதுவதற்கு முன்பே அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த அறிக்கை ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கு, உங்கள் படிவமோ ஏப்ரல் முதல் ஏப்ரல் வரைக்கு, இரண்டும் அப்படியே பொருந்தாது என்று பயப்பட வேண்டாம்.

வருமானம் வருசத்துக்கு 1,000 பவுணுக்குள் என்றால், செலவு எதுவும் காட்டாமல் அந்த 1,000 பவுண் சலுகையோடு முடித்துவிடலாம். சனி ஞாயிறு மட்டும் கொஞ்சம் ஓடிப் பார்ப்பவருக்கு உதவும். அந்தச் சலுகையையும் எடுத்து, செலவையும் கழிக்க முடியாது.

காரின் செலவு: இரண்டு பாதை, ஒன்றைத்தான் எடுக்கலாம்

இதுதான் முக்கியமான இடம், நிதானமாக வாசியுங்கள்.

முதல் பாதை மைல் கணக்கு. வேலைக்காக ஓடிய முதல் 10,000 மைலுக்கு மைல் ஒன்றுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் ஒவ்வொரு மைலுக்கும் 25 பென்ஸ். இந்தத் தொகைக்குள் காரின் விலை, பெற்றோல், காப்புறுதி, சேர்விஸ், டயர், எம்ஓடி என்ற வருடாந்தக் கார்ச் சோதனை, ரோட் டாக்ஸ் எல்லாம் அடக்கம். அதைத் தனியாக இன்னொரு தரம் எழுதக்கூடாது. ஆனால் பார்க்கிங், சாலைச் சுங்கம், கன்ஜஷன் சார்ஜ் (லண்டன் நகர மையத்துக்குள் ஓடுவதற்கான கட்டணம்), விமான நிலையத்தில் இறக்கிவிடும் கட்டணம், கார்க் கடனின் வட்டியில் வேலைக்கு உரிய பங்கு ஆகியவற்றை மேலதிகமாக எழுதலாம். வட்டியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது பாதை உண்மைச் செலவு. காருக்குச் செலவழித்த எல்லாவற்றையும் சீட்டோடு கூட்டி, அதில் வேலைக்கு உரிய பங்கை மட்டும் எடுப்பது. வருசத்தில் 30,000 மைல் ஓடியதில் 25,500 மைல் வேலை என்றால் பங்கு 85 வீதம். பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட்டது, கோவிலுக்குப் போனது, சவுத்தாலுக்குச் சாமான் வாங்கப் போனது எல்லாம் மிச்ச 15 வீதத்துக்குள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய ஹைபிரிட் கார் ஒன்றை 12,000 பவுணுக்குச் சொந்தமாக வாங்கி ஓடுகிறார் ஒருவர். வருசத்துக்கு பெற்றோல் 3,800, காப்புறுதி 2,600, சேர்விஸ், டயர், எம்ஓடி எல்லாம் 1,700, ரோட் டாக்ஸ் 200, மொத்தம் 8,300. காரின் விலையை ஒரே வருசத்தில் கழிக்க விடமாட்டார்கள். கிலோமீற்றருக்கு 50 கிராமுக்கு மேல் கார்பன் விடும் கார் என்றால் வருசத்துக்கு 6 வீதம்தான், அதாவது 720. கூட்டினால் 9,020, அதில் 85 வீதம் 7,667 பவுண். மைல் கணக்கில் பார்த்தால், மேலே சொன்ன அதே 25,500 வேலை மைலில் முதல் 10,000 மைலுக்கு 4,500, மிச்ச 15,500 மைலுக்கு 3,875, மொத்தம் 8,375. மைல் கணக்குத்தான் கூட. வரியில் அந்த வித்தியாசம் 180 பவுண் சொச்சம்.

இன்னொருவர் மின்சாரக் காரை வாரம் 230 பவுண் வாடகைக்கு எடுத்து வருசத்தில் 48 வாரம் ஓடுகிறார், காப்புறுதி வாடகைக்குள் அடக்கம். வாடகை 11,040, சார்ஜ் செய்ய 3,500, கூட்டி 85 வீதம் எடுத்தால் 12,359. இவரும் அதே மைல் ஓடியிருந்து மைல் கணக்கு எழுதினால் கிட்டத்தட்ட 4,000 பவுண் செலவை வீணாக விடுகிறார். ஆகவே என் அனுபவத்தில், பழைய கார் சொந்தமாக வைத்திருந்து நிறைய மைல் ஓடுபவருக்கு மைல் கணக்கு, வாடகைக்கு ஓடுபவருக்கும் புது மின்சாரக் கார் வாங்கியவருக்கும் உண்மைச் செலவு. புத்தம் புது மின்சாரக் காரை வாங்கினால் விலை முழுவதையும், வேலைக்கு உரிய பங்கு அளவில், முதல் வருசத்திலேயே கழிக்கலாம். பாவித்த மின்சாரக் காருக்கு அந்த வசதி இல்லை, அது வருசத்துக்கு 18 வீதம்.

நாலு எச்சரிக்கை. ஒரு காருக்கு மைல் கணக்கைத் தொடங்கினால் அந்தக் காரை ஓடும் வரை அதிலேயே நிற்க வேண்டும், இந்த வருசம் இது, அடுத்த வருசம் அது என்று தாவ முடியாது. விலையைக் கழிக்கும் சலுகையை ஏற்கெனவே எடுத்த காருக்கு மைல் கணக்கு கிடையாது. கறுப்பு டாக்சிக்கு மைல் கணக்கே கிடையாது, அது வேலைக்கென்றே செய்யப்பட்ட வாகனம் என்பதால் உண்மைச் செலவு மட்டும்தான். கடைசியாக, வாடகைக் கார் 50 கிராமுக்கு மேல் கார்பன் விடுவதாக இருந்து 45 நாளுக்கு மேல் தொடர்ந்து எடுத்திருந்தால், வாடகையில் 15 வீதத்தைச் செலவாக ஏற்கமாட்டார்கள். ஹைபிரிட் வாடகைக்கு ஓடுகிற நிறையப் பேருக்கு இது தெரியாது.

கார்க் கடனின் மாதக் கட்டுப்பணம் முழுவதையும் செலவாக எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. கட்டுகிற 400 பவுணில் முதல் வேறு, வட்டி வேறு. வட்டி மட்டும்தான் செலவு. கடன் கொடுத்த இடத்தில் வருச ஸ்டேட்மென்ட் கேட்டால் பிரித்துத் தருவார்கள்.

மைலை எழுதும் பழக்கம்

எந்தப் பாதையை எடுத்தாலும் மைல் எண்ணிக்கை இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆப் தரும் ஆண்டுத் தாளில் ஒரு மைல் எண்ணிக்கை இருக்கும், அதை மட்டும் நம்பாதீர்கள், கொம்பனிக்குக் கொம்பனி அதை எண்ணும் விதம் வேறு, பயணி ஏறியிருந்த தூரத்தை மட்டும் காட்டுகிற தாளும் உண்டு. ஒரு பயணியை குரொய்டனில் இறக்கிவிட்டு அடுத்த ஓட்டத்துக்கு வெறுங்காராக ரூட்டிங் வரை வந்த மைலும் வேலை மைல்தான். கார் கழுவப் போனது, கராஜுக்குப் போனது, லைசன்ஸ் பரிசோதனைக்குப் போனதும் அப்படித்தான். தினமும் ஒரே மினிகாப் அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்து தொடங்குகிறவருக்கு வீட்டிலிருந்து அலுவலகம் வரையான தூரம் வேலை மைல் ஆகாது, அது எல்லாரும் வேலைக்குப் போகிற பயணம் மாதிரித்தான்.

நான் செய்வது சின்ன வேலை. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மைல் மீற்றரைப் போனில் ஒரு படம். ஞாயிறு இரவு தேத்தண்ணியோடு உட்கார்ந்து ஒரு கொப்பியில் தேதி, தொடக்கம், முடிவு, இடையில் சொந்த ஓட்டம் இருந்தால் எத்தனை மைல் என்று எழுதிவிடுவேன். பத்து நிமிசம் போகாது. ஜனவரியில் 365 நாளுக்கும் நினைவிலிருந்து எழுதிய கொப்பி பார்த்தவுடன் தெரிந்துவிடும், எல்லா நாளும் 100 மைல், 120 மைல் என்று உருட்டிய எண்ணாக இருக்கும், ஒரே பேனை மையில் இருக்கும்.

கார் தவிர மற்றச் செலவுகள்

இவை சின்னச் சின்னத் தொகைகள், கூட்டினால் வருசத்துக்கு 1,000 பவுணைத் தாண்டும். சாரதி லைசன்ஸ் கட்டணம், அதற்கான பின்னணிச் சோதனை, காரின் பிசிஓ லைசன்ஸ் கட்டணம். போன் பில்லில் வேலைக்கு உரிய பங்கு, போன் தாங்கி, சார்ஜர் வயர். டாஷ்காம். பயணிக்குக் கொடுக்கிற தண்ணீர்ப் போத்தல், டிஷ்யூ. கணக்காளர் கட்டணம், வேலைக்கென்றே வைத்திருக்கும் வங்கிக் கணக்கின் மாதக் கட்டணம். வேலை நேரத்தில் கட்டிய கன்ஜஷன் சார்ஜ், பழைய டீசல் காருக்குக் கட்ட வேண்டி வந்த யூலெஸ், அதாவது புகை கூடிய பழைய கார்களுக்கான நாள் கட்டணம், 12.50 பவுண். கன்ஜஷன் சார்ஜிலிருந்து மினிகாப்புக்கு இருந்த விலக்கு 2019 ஏப்ரலில் போய்விட்டது, இப்போது அது நகரத்துக்குள் ஓடுபவருக்குப் பெரிய செலவு, ஒரு நாளும் விடாமல் எழுதுங்கள்.

ஓடத் தொடங்கும் முன்னே செய்த செலவும் உண்டு. முதல் பயணியை ஏற்றுவதற்கு முன்பு லைசன்ஸுக்கும் போன் தாங்கிக்கும் கொடுத்த காசு, தொழில் தொடங்குவதற்கு முந்தைய ஏழு வருசத்துக்குள் இருந்தால், தொடங்கிய நாளில் செலவழித்தது போல எழுதலாம். புதியவர்கள் அநேகமாக இதைத் தவற விடுகிறார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் யாருமே சீட்டை எடுத்து வைப்பதில்லை.

இனி ஏற்கமாட்டாதவை. தண்டம் ஒன்றும் ஏற்கமாட்டார்கள்: பார்க்கிங் தண்டம், பஸ் பாதைக்குள் போன தண்டம், வேகத் தண்டம், கன்ஜஷன் சார்ஜ் கட்ட மறந்து வந்த தண்டம். "வேலை செய்யும்போதுதானே வந்தது" என்ற வாதம் எடுபடாது. மதியச் சாப்பாடும் அப்படித்தான், காரில் இருந்து சாப்பிட்டாலும் சாப்பாடு சாப்பாடுதான், ஓடாவிட்டாலும் நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள். சாதாரண உடுப்பு, சப்பாத்து, மூக்குக்கண்ணாடி எதுவும் செலவில் சேராது. உங்களுக்கு நீங்களே எடுத்துக்கொண்ட காசு சம்பளச் செலவு இல்லை. மனைவி கணக்கு எழுதித் தருகிறார் என்று அவருக்கு 5,000 பவுண் சம்பளம் எழுதினார் ஒரு நண்பர், கொடுத்ததற்கு ஒரு வங்கிச் சுவடும் இல்லை, கேள்வி வந்தபோது பதிலும் இல்லை.

சீட்டுகளைப் பாதுகாப்பது

பெற்றோல் நிலையத்துச் சீட்டு ஆறு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். வெயிலில் டாஷ்போர்டில் கிடந்தால் ஆறு வாரம் போதும். வாங்கிய கையோடு படம் எடுத்து மாதப் பெயரிட்ட கோப்பில் போடுங்கள், படம் தெளிவாக இருந்தால் அது போதும், தாளைக் கட்டிக் காக்கத் தேவையில்லை. 2025-26 வரி ஆண்டுக்குப் படிவம் அனுப்பும் கடைசி நாள் 2027 ஜனவரி 31, அதிலிருந்து ஐந்து வருசம், அதாவது 2032 ஜனவரி கடைசி வரை இந்தப் பதிவுகள் இருக்க வேண்டும். போன் மாறினால் படமும் போய்விடாதபடி இன்னோரிடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

படிவம் நிரப்பும் நாள்

இணையத்தில் அரசின் வரிப் பக்கத்துக்குள் போய், செல்ஃப் அசெஸ்மென்ட் படிவத்தில் சுயதொழில் பகுதியைத் திறக்கிறீர்கள். மொத்த வருமானம் 90,000 பவுணுக்குக் கீழே என்றால் செலவுகளைப் பிரித்து எழுதாமல் ஒரே மொத்தத் தொகையாகவும் எழுதலாம். அப்படி எழுதினாலும் உங்கள் கொப்பியில் பிரிவு பிரிவாக இருக்க வேண்டும், கேட்டால் காட்ட. கமிஷன் ஒரு வரி, கார் ஒரு வரி, சுங்கமும் பார்க்கிங்கும் ஒரு வரி, போன் ஒரு வரி, லைசன்ஸ் ஒரு வரி, இப்படி ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

இப்போது புதியவர் எல்லாரையும் அடிக்கிற அடியைச் சொல்கிறேன். மொத்த ஓட்டக் காசு 48,000, கமிஷன் 11,000, மைல் கணக்கு 8,375, மற்றவை 1,200 என்று வைத்தால் இலாபம் 27,425 பவுண். வருமான வரி 2,971, தேசிய காப்புறுதி 891, மொத்தம் 3,862 பவுண். சரி, 3,862 தானே என்று வங்கியில் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஜனவரியில் உள்ளே போனால் திரை 5,793 என்று காட்டும். வரி 1,000 பவுணைத் தாண்டினால், அடுத்த வருசத்துக்கும் முன்பணமாகப் பாதியை அதே ஜனவரி 31இலும் மறுபாதியை ஜூலை 31இலும் கட்டச் சொல்வார்கள். தண்டம் இல்லை இது, அடுத்த வருசக் கணக்கில் கழிபடும், ஆனால் முதல் வருசம் ஒன்றரை மடங்கு ஒரே நாளில் கேட்கும்போது வயிறு கலங்கும். அதனால் வாரா வாரம், கமிஷனும் கார்ச் செலவும் போக மிஞ்சுவதில் ஐந்தில் ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள், அந்த அட்டையை வீட்டு அலுமாரியில் வையுங்கள்.

கட்ட முடியாவிட்டாலும் படிவத்தை நேரத்துக்கு அனுப்புங்கள். ஒரு நாள் பிந்தினாலே 100 பவுண், மூன்று மாதம் தாண்டினால் நாளுக்கு 10 பவுணாக 90 நாள் வரை ஏறும். காசு இல்லை என்றால் தவணை முறை கேட்கலாம், இணையத்திலேயே செய்யலாம், கொடுப்பார்கள்.

இலாபம் 6,845 பவுணுக்கும் கீழே என்றால், வாரத்துக்கு 3.50 பவுண் வீதம் இரண்டாம் வகுப்புத் தேசிய காப்புறுதியை விரும்பினால் கட்டலாம். ஓய்வூதியத்துக்கு ஒரு வருசம் சேரும். இந்த நாட்டுக்குப் பிந்தி வந்தவர்களுக்கு அந்த ஒரு வருசம் பெரிது.

அதிகமாகச் செலவு காட்டச் சொல்பவரிடம்

"எல்லாரும் 70 வீதம் செலவு போடுகிறார்கள், நானும் போட்டுவிடுகிறேன்" என்று சொல்லும் கணக்காளரிடம் இருந்து எழும்பி வந்துவிடுங்கள். படிவத்தை யார் நிரப்பினாலும் பொறுப்பு உங்களுடையது. கவனக்குறைவுப் பிழைக்கு, குறைத்துக் கட்டிய வரியில் 30 வீதம் வரை தண்டம், தெரிந்தே செய்ததற்கு 70, மறைத்தால் 100. தெரிந்தே செய்ததற்கு 20 வருசம் பின்னோக்கிப் பார்க்க அதிகாரம் இருக்கிறது.

பயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இலாபத்தை 9,000 பவுண் என்று காட்டி வரியே கட்டாமல் நாலு வருசம் சந்தோசமாக இருந்த ஒருவர், ஐந்தாம் வருசம் வீடு வாங்க வங்கிக்குப் போனார். வங்கி கேட்டது அவருடைய கார் எவ்வளவு ஓடுகிறது என்பதை அல்ல, கடைசி இரண்டு வருச வரிக் கணக்கை. 9,000 பவுண் இலாபத்துக்கு லண்டனில் ஒரு கராஜ் வாங்கவும் கடன் தரமாட்டார்கள். ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிடுவதும் அப்படித்தான், 2024 ஏப்ரலிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவருக்கு வருசத்துக்கு 29,000 பவுண் வருமானம் காட்ட வேண்டும், சுயதொழில்காரருக்கு அது வரிக் கணக்கில் உள்ள வருமானம். இல்லாத செலவை எழுதி 26 பென்ஸ் மிச்சம் பிடித்தவர்கள் அந்த மேசையில் ஒரு பவுணை இழக்கிறார்கள்.

யூனிவர்சல் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்தவருக்கு அரசு தரும் உதவிப்பணம், எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது மாதாமாதம் வேறு கணக்கு. அங்கே காருக்கு உண்மைச் செலவு எடுபடாது, மைல் கணக்கு மட்டும்தான், மாதத்தில் முதல் 833 மைலுக்கு 45 பென்ஸ், பிறகு 25. வரிப் படிவத்தில் எழுதுவதும் அங்கே எழுதுவதும் வேறு வேறு எண்ணாக இருப்பது பிழை இல்லை.

லைசன்ஸ் புதுப்பிக்கும்போது

2022 ஏப்ரல் 4 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டாக்சி, மினிகாப் லைசன்ஸ் புதுப்பிக்க வரிச் சோதனைக் குறியீடு தேவை. வரிக்குப் பதிந்திருக்கிறீர்களா என்று இணையத்தில் சில கேள்விகள் கேட்டு, ஒன்பது எழுத்துகளில் ஒரு குறியீடு தருவார்கள், 120 நாள் செல்லும், அதை லைசன்ஸ் கொடுக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். உங்கள் வரித் தொகையை அவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். ஆனால் பதியாமல் ஓடியவருக்கு லைசன்ஸ் அங்கேயே நின்றுவிடும். லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல் கொடுக்கும் சாரதி லைசன்ஸ் மூன்று வருசத்துக்கு ஒரு தரம் என்பதால், மறந்து போய் கடைசி வாரம் ஓடித் திரிபவர்கள் உண்டு.

இன்னொரு மாற்றமும் வந்துவிட்டது. 2024-25 வரி ஆண்டில் மொத்த வருமானம் 50,000 பவுணுக்கு மேல் இருந்தவர்கள் 2026 ஏப்ரல் 6 முதல் மென்பொருளில் கணக்கு வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எச்எம்ஆர்சிக்கு அனுப்ப வேண்டும். எல்லை 2027 ஏப்ரலில் 30,000க்கும் 2028 ஏப்ரலில் 20,000க்கும் இறங்கும். கவனியுங்கள், இலாபம் இல்லை, கமிஷன் கழிக்கும் முன் உள்ள மொத்தக் காசு. முழு நேரம் ஓடுகிற அநேகமானவர்கள் இதற்குள் வந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கொப்பிப் பழக்கம் உள்ளவர்கள் அதை ஒரு ஆப்புக்குள் மாற்றினால் போதும்.

இப்போது கீழே போய்க் காரைத் திறந்து, மீற்றரில் உள்ள எண்ணை ஒரு படம் எடுத்து வையுங்கள். இன்றைய தேதியோடு.